ரிட்டன் லோடு

உங்கள் நிறுவனம் என்ன செய்கிறது, ஐம்பது எழுத்துக்குள்.
தமிழிலும் எழுதலாம் என்றிருந்ததை நம்பி
புளியரை செக்போஸ்ட்டுக்கு எதிரே, பரோட்டாக் கடை மேசையில்
ஜிஷாவும் நானும் எழுதி எழுதி அடித்தோம்.
புள்ளி வைத்த மெய்யை
அந்தப் பெட்டி ஒன்றாக எண்ணுமா இரண்டாக எண்ணுமா
என்பதிலேயே ஒரு மணி நேரம் போனது.
கடைசியில்:
கேரளாவில் காய் இறக்கிய லாரி காலியாகத் திரும்பாது.

நிறுவனர்கள் எத்தனை நாளாக அறிமுகம்?
கல்லூரிப் பேருந்தில் அவள் ஆரியங்காவில் ஏறுவாள்,
நான் செங்கோட்டையில்.
அதுவரை அவள் பை என் இடத்தில் உட்கார்ந்து வரும்.
அதையெல்லாம் எழுதவில்லை.
நான்கு ஆண்டுகள்.

போட்டியாளர் யார்?
பாவூர்சத்திரம் மார்க்கெட் வாசலில்
ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, இரண்டு போன்,
நாற்பது பக்க நோட்டு. மைதீன் பிச்சை அண்ணன்.
எந்த வண்டி எங்கே நிற்கிறது என்பது
நோட்டில்கூட இருக்காது, அவர் காதில் இருக்கும்.
'முறைப்படுத்தப்படாத இடைத்தரகர்கள்' என்று போட்டோம்.
மனசு கேட்காமல் அவரிடமே காட்டினேன்.
"என்னையப் போயி இம்புட்டு நீளமா எழுதிருக்கியே தாயி"
என்று சிரித்துவிட்டு அடுத்த போனை எடுத்தார்.

நேர்காணல் பத்தே நிமிடம்.
செங்கோட்டையில் டயர் கடை மாடி.
கீழே தாசன் கம்ப்ரசரை அதுவரை நிறுத்திவைக்கச் சம்மதித்திருந்தார்.
திரையில் மூன்று முகம்.
எத்தனை வண்டி? பதினேழு.
காசு தருவது? மூன்று.
தக்காளி ஏற்றும் வண்டியில் ரப்பர் ஷீட் ஏற்றினால்?
வாடை நிற்கும், கழுவணும், கழுவ நூற்றைம்பது ரூபாய்.
நூற்றைம்பதை யார் தருவார்கள்?
ஜிஷா ஒரு பதில் சொன்னாள். நான் வேறு சொன்னேன்.

அதுவரை மைக்கை அணைத்து வைத்திருந்த மூன்றாவது பெட்டிக்காரி
கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டாள்:
டிரைவருக்கு இது வேணுமா?

ஏழாவது ஸ்லைடில் சொரிமுத்து அண்ணன்
கட்டைவிரல் உயர்த்தி நிற்கிறார்.
அதை எடுத்தது கோட்டவாசல் வளைவில், ராத்திரி இரண்டு மணி.
படம் எடுத்த பிறகு அவர் சொன்னது ஸ்லைடில் இல்லை:
"லோடு ஓனருக்குத்தான். காலி வண்டின்னா
எனக்கு விடியுமுன்ன வீடு."

ஒன்பதாவது நிமிடம்.
கீழே ஏதோ பஸ் வந்து நின்று, கம்ப்ரசர் எழுந்துவிட்டது.
இல்லை, என்றேன்.
கேட்கவில்லை, திரும்பச் சொல்லுங்கள், என்றார்கள்.
மாற்றிச் சொல்ல இடமிருந்தது.
ஜிஷா மேசைக்கடியில் என் காலை மிதித்தாள்,
சொல் என்றா வேண்டாம் என்றா, இன்னும் அவளிடம் கேட்கவில்லை.
கத்தித்தான் சொன்னேன்.
இல்லை.

எடுத்துக்கொண்டால் போன் வரும்,
இல்லையென்றால் மெயில். இரவு பத்துக்குள்.
அவளை வீட்டில் விட ஸ்கூட்டியில் மலை ஏறினோம்.
ஒவ்வொரு வளைவிலும் டவர் மாறி
'கேரளத்துக்கு நல்வரவு' என்று போன் துடித்தது.
மூன்று முறை வண்டியை ஓரங்கட்டி, மூன்று முறை நல்வரவு.

ஒன்பது நாற்பதுக்கு நிஜமாகவே மணி அடித்தது.
சொரிமுத்து அண்ணன்.
"புனலூர்ல இறக்கிட்டேன் தாயி.
இன்னைக்கு லோடு கீடு போட்டுராதிய.
மூத்தவளுக்குக் காலையில பரீட்சை, நாந்தான் கொண்டு விடணும்."
நான் சரி சொல்வதற்குள் வைத்துவிட்டார்.

பாலத்துக் கைப்பிடியில் மடிக்கணினியை வைத்து
ஜிஷா எங்கள் அட்டவணையைத் திறந்தாள்.
வண்டி எண், ஊர், எத்தனை டன்.
அதன் பக்கத்தில் புதிதாக ஒரு பத்தி நுழைத்தாள்.
தலைப்பு? 'காலியாக வர விருப்பம்' என்றேன்.
நீளம் என்றாள்.
அப்போது மெயில் வந்த சத்தம்.
இரண்டு பேரும் போனை எடுக்கவில்லை.
'வீடு' என்று வைத்தோம்.
சொரிமுத்துவுக்கு நேரே ஆம் போட்டாயிற்று.
மற்ற பதினாறு கட்டமும் காலி.
காலையில் கேட்கணும்.